நன்னீர் மீன்களில் பாதரச மாசு: புரதக் குறியீடுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

#1 கயல்

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் மீன்களில் பாதரச மாசைக் கண்டறிவது பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். மீனின் தசையில் உள்ள பாதரசத்தை நேரடியாக அளப்பதற்குப் பதிலாக, கல்லீரலிலோ இரத்தத்திலோ உள்ள ஒரு புரதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே மாசை முன்கூட்டி அறியலாம் என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. அவற்றில் முதலில் வரும் பெயர், உலோகங்களைப் பிடித்துவைக்கும் மெட்டலோதயோனீன் என்ற புரதம். அடுத்து வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், குளுடாதயோன் சார்ந்த நொதிகள், ஹீமோகுளோபின் என்று பட்டியல் நீள்கிறது.

சுரங்கக் கழிவு கலக்கும் ஒரு நீர்த்தேக்கத்திலிருந்தும் கலக்காத ஒன்றிலிருந்தும் ஒரே இன மீன்களைப் பிடித்து, கல்லீரலில் மெட்டலோதயோனீனை அளந்து ஒப்பிடுவது என் முதல் வரைவு. எந்தப் புரதம், எந்த உறுப்பு என்பதில் உங்கள் கருத்துத் தேவை. அதைவிட முக்கியமாக, இத்தகைய அளவீடு பாதரசப் பகுப்பாய்வுக்கு மாற்றாக நிற்குமா என்பதை அறிய விரும்புகிறேன்.

#2 வேதியன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நிற்காது, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. பாதரசத்தை அளப்பது கடினம் என்ற எண்ணம் அமிலத்தில் செரிக்கவைத்துக் குளிர் ஆவி முறையில் அளந்த காலத்தது. இன்று நேரடிப் பாதரசப் பகுப்பாய்வி உள்ள ஆய்வகத்தில், சில பத்து மில்லிகிராம் தசைத் துண்டை அப்படியே படகு வடிவச் சிறு தட்டில் வைத்து உள்ளே அனுப்பினால் போதும். கருவி அதை உலர்த்தி, ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் பாதரச ஆவியைத் தங்கத்தில் பிடித்து, பிறகு தங்கத்தைச் சூடாக்கி ஆவியை ஒரே வீச்சில் விடுவித்து, 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உட்கவர்தலை அளந்துவிடும். ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. முதுகுத் தசையில் ஊசித்துளை அளவுக்குத் துண்டெடுத்தால் போதும் என்பதால் மீனைக் கொல்லவும் வேண்டியதில்லை.

இதற்கு எதிரே ஒரு புரதத்தை அளக்க என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். உடனடியாக உறையவைத்த உறுப்பு, அந்த இனத்துக்குப் பொருந்தும் எதிர்ப்பொருள் அல்லது நிறை நிறமாலைமானி, அதைக் கையாளத் தெரிந்தவர். மலிவான ஒன்றுக்கு விலையுயர்ந்த ஒன்றை மாற்றாக வைக்கும் திட்டத்தை மதிப்பீட்டாளர் யாரும் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கமாட்டார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கொன்றுண்ணி மீன்களின் தசையில் உள்ள மொத்தப் பாதரசத்தில் பொதுவாக 90 விழுக்காட்டுக்கும் மேல், கரிமச் சேர்மமான மெத்தில் பாதரசமே. ஆகவே மொத்த அளவே மெத்தில் பாதரசத்துக்குப் போதுமான மதிப்பீடாகிவிடுகிறது. கல்லீரலில் அப்படியில்லை, அங்கே கனிமப் பாதரசத்தின் பங்கு கணிசமாக இருக்கக்கூடும், அது இனத்துக்கு இனம் மாறும். கல்லீரலை எடுப்பதாக இருந்தால் இரண்டையும் பிரித்து அளக்கத் திட்டமிடுங்கள்.

#3 கயல்

நன்றி ஐயா. விலை பற்றிய வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தசையில் கிலோகிராமுக்கு 0.6 மில்லிகிராம் இருக்கிறது என்ற எண், அந்தப் பாதரசம் மீனுக்கு என்ன செய்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லையே? உண்ணும் மனிதரைக் காக்க வகுத்த வரம்புகள் வேறு, மீனின் உடல்நலம் வேறு அல்லவா?

#4 நீரோடை

கயல் இப்போது கேட்டிருப்பதே சரியான கேள்வி. திட்டத்தை அதன் மேல்தான் கட்ட வேண்டும். உண்போருக்கான வரம்பு மனித நரம்பு வளர்ச்சியை, குறிப்பாகக் கருவில் உள்ள குழந்தையை, மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. மீனுக்கே தீங்கு தொடங்கும் அளவைப் பற்றித் தனியாக ஆய்வுகள் உள்ளன. தசையில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.5 மில்லிகிராம், முழு உடலில் 0.3 மில்லிகிராம் என்ற நிலையிலேயே இனப்பெருக்கத்திலும் உயிர்வேதியியலிலும் மாற்றங்கள் தென்படலாம் என்பது அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்களின் மதிப்பீடு. மீன் செத்து மிதப்பதற்கு வெகு முன்பே நடப்பவை இவை. புரதங்களுக்கு இடம் இருப்பது இங்கேதான்.

ஆனால் மெட்டலோதயோனீனைப் பற்றி எச்சரித்தாக வேண்டும். இந்தப் புரதம் 1957-இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து, காட்மியத்தைப் பிடித்துவைத்திருக்கும் புரதமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மீன்களில் இதன் நீளம் ஏறத்தாழ 60 அமினோ அமிலங்கள். அவற்றில் 20, கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீன்கள். இந்தக் கந்தகக் கொத்து ஏழு இருமதிப்பு உலோக அயனிகளை ஏந்தும். பாதரசம் கந்தகத்தை விடாது பற்றுவது என்பதால் இதுவே பாதரசத்தின் குறியீடு என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

முதல் சிக்கல், இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை இயக்கும் விசை எதை உணர்கிறது என்பது. எம்டிஎஃப்-1 என்ற அந்த விசைப் புரதம் நேரடியாக உணர்வது துத்தநாகத்தை. பாதரசமோ காட்மியமோ செல்லுக்குள் வந்தால், ஏற்கெனவே புரதங்களில் அமர்ந்திருக்கும் துத்தநாகத்தை வெளியே தள்ளுகின்றன. அந்தத் துத்தநாகம்தான் விசையை இயக்குகிறது. ஆகவே நாம் அளப்பது செல்லுக்குள் கட்டற்ற துத்தநாகம் கூடியதன் விளைவை. முட்டை உருவாகும் பருவத்தில் பெண் மீனின் கல்லீரலில் துத்தநாகம் பெருமளவில் இடம்பெயர்வதால், மாசே இல்லாத நீரிலும் மெட்டலோதயோனீன் ஏறி இறங்கும். அழுத்த ஹார்மோனான கார்டிசால் உயர்ந்தாலும் ஏறும். வலையில் மாட்டி அரை மணி நேரம் துடித்த மீனின் கார்டிசால் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் சுரங்கக் கழிவில் செம்பும் துத்தநாகமும் காட்மியமும் இல்லாமல் பாதரசம் மட்டும் இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. கனிமப் பாதரசம் மெட்டலோதயோனீனை ஓரளவு நன்றாகவே தூண்டுகிறது. மெத்தில் பாதரசம் மிக மந்தமாகவே தூண்டுகிறது. மீன் உடலில் சேர்வதோ பெரும்பாலும் இரண்டாவது. வரிக்குதிரை மீன்களுக்கு மெத்தில் பாதரசம் கலந்த உணவைக் கொடுத்து மரபணு வெளிப்பாட்டைப் பார்த்த ஒரு சோதனையில், தசையும் கல்லீரலும் எதிர்வினை காட்டின. பாதரசம் மிகுதியாகச் சேர்ந்த மூளையோ ஏறக்குறைய எதுவும் காட்டவில்லை. எங்கே தீங்கு மிகுதியோ அங்கே குறியீடு பேசாமல் இருப்பதைத் திட்டம் தீட்டுவோர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீரில் பாதரச குளோரைடைக் கரைத்து இரண்டு மூன்று வாரம் மீனை வைத்துச் செய்யும் சோதனைகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். இயற்கை நீரில் இருப்பது பெரும்பாலும் லிட்டருக்குச் சில நானோகிராம். மெத்தில் பாதரசத்தை மீன் பெறுவது செவுள் வழியாக அன்று, பெரும்பங்கு உணவு வழியாகவே. அந்தச் சோதனைகளில் அழகாக எழும் மெட்டலோதயோனீன் வளைகோடு, நீர்த்தேக்கத்து மீனுக்கு அப்படியே பொருந்தாது.

#5 வேதியன்

நீரோடை சொன்னதற்கு ஒரு வேடிக்கையான துணைக் குறிப்பு. மெட்டலோதயோனீனை அளக்கும் பழைய முறைகளில் ஒன்று, அந்தப் புரதத்தின் எல்லா இடங்களிலும் கதிரியக்கப் பாதரசத்தை நிரப்பி, ஒட்டிய கதிரியக்கத்தை எண்ணுவது. காட்மியத்தையும் துத்தநாகத்தையும் பாதரசம் வெளியேற்றிவிடும் என்பதே அதன் அடிப்படை. பாதரசத்துக்கான குறியீட்டை அளக்கப் பாதரசத்தையே ஊற்றும் முறை!

மெத்தில் பாதரசம் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றால், தசையில் அது சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைந்திருக்கிறது. 2003-இல் மீன் தசையின் எக்ஸ் கதிர் உட்கவர்தல் நிறமாலையைப் பார்த்தவர்கள் இதையே காட்டினார்கள். இரத்தத்தில் அதன் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினோடு இருக்கும். அதாவது தனக்கென்று ஒரு சிறப்புப் புரதத்தை அது தேடுவதில்லை. எட்டும் தூரத்தில் எந்தச் சிஸ்டீன் மிகுதியாக உள்ளதோ அதில் அமர்கிறது. ஈயத்துக்கு இரத்தத்தில் டெல்டா-அலாட் நொதி இருப்பதுபோல, பெண்மை ஹார்மோன் சார்ந்த மாசுக்கு ஆண் மீனில் தோன்றும் விட்டெல்லோஜெனின் என்ற முட்டைக்கரு முன்புரதம் இருப்பதுபோல, பாதரசத்துக்கு ஒற்றைப் புரதம் கிடைக்காததன் வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

#6 செதில்

ஒற்றைப் புரதம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அதனால் துறையே முடிந்துவிடவில்லை. உலோகவியப் புரதவியல் என்றொரு வழி இருக்கிறது. அமேசானின் மடெய்ரா ஆற்றுப் படுகையில், தங்கம் அரிப்போரின் பாதரசமும் மண்ணின் இயற்கைப் பாதரசமும் கலந்து சேரும் மீன்களில், பிரேசில் ஆய்வாளர்கள் இதைப் பலமுறை செய்திருக்கிறார்கள். தசை அல்லது கல்லீரல் புரதங்களை இருபரிமாண மின்புலப் பிரிப்பில் ஜெல்லின் மேல் புள்ளிகளாகப் பரப்பி, ஒவ்வொரு புள்ளியையும் வெட்டியெடுத்து, அதில் பாதரசம் உள்ளதா என்று கிராஃபைட் உலை அணு உட்கவர்தல் கருவியில் பார்த்து, உள்ள புள்ளிகளில் இருக்கும் புரதம் எது என்று நிறை நிறமாலைமானியில் அடையாளம் காண்பது முறை. எந்தப் புரதம் கூடிற்று, எது குறைந்தது என்பதோடு நில்லாமல், எந்தப் புரதத்தின் மேல் பாதரசம் உள்ளது என்றும் கேட்பதால் இது ஒரு படி மேலான கேள்வி.

இதில் நான் நீண்ட நேரம் செலவிட்டிருக்கும் ஓர் இடத்தை விரிவாகச் சொல்கிறேன்; கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் கடந்துபோகும் இடம் அது. புரதத்தைப் பிரிக்கும் கரைசலில் வழக்கமாக டிடிடி அல்லது மெர்கேப்டோஎத்தனால் சேர்ப்போம். புரதத்தின் கந்தகப் பாலங்களை உடைத்து அதை நேராக்குவதற்காக. இரண்டுமே தயால் சேர்மங்கள், அதாவது கந்தக–ஹைட்ரஜன் தொகுதி கொண்டவை. டிடிடியில் ஒரே மூலக்கூறின் இரு முனைகளிலும் தயால்கள் உள்ளன. பாதரசத்தைப் பிடிப்பதற்கென்றே செய்ததுபோன்ற அமைப்பு. புரதத்தில் உள்ள பாதரசத்தைப் பன்மடங்கு மிகுதியான டிடிடியோடு குழாயில் சேர்த்துவிட்டு, பிறகு ஜெல்லில் எந்தப் புரதத்தின் மேல் பாதரசம் இருக்கிறது என்று தேடுவது எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிப் பாருங்கள்.

டிடிடியைத் தவிர்த்தாலும் சிக்கல் முழுவதும் தீராது. பாதரச–கந்தகப் பிணைப்பு மிக வலிமையானது. ஆனால் மெத்தில் பாதரசம் ஒரு தயாலிலிருந்து அடுத்த தயாலுக்கு மிக விரைவாகத் தாவும். திசுவை அரைக்கும் அந்தச் சில நொடிகளில், செல்லின் தனித்தனி அறைகளில் இருந்த புரதங்கள் எல்லாம் ஒரே கலவையாகின்றன. தாவலுக்குத் தடை ஏதும் இல்லை. உயிரோடு இருந்த மீனில் பாதரசம் எந்தப் புரதத்தில் இருந்தது என்பதும், அரைத்த பின் எந்தப் புரதத்தில் போய் அமர்ந்தது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆகவே நான் கேட்கும் சோதனைகள் இரண்டு. முதலாவது நிறைக் கணக்கு: ஜெல்லில் ஏற்றிய பாதரசம் எவ்வளவு, எல்லாப் புள்ளிகளிலும் கிடைத்ததைக் கூட்டினால் எவ்வளவு, மீதி எங்கே போயிற்று, புள்ளி இல்லாத வெற்று ஜெல் துண்டையும் வெட்டி அளக்க வேண்டும். இரண்டாவது, பாதரசம் மிகக் குறைந்த மீனின் திசுவை அரைக்கும்போதே, ஓர் ஐசோடோப்பு செறிவூட்டிய மெத்தில் பாதரசத்தைச் சேர்த்து அதே முறையில் ஓட்டுவது. சேர்த்த பாதரசமும் மாசுற்ற மீனில் கண்ட அதே புள்ளிகளில் போய் உட்கார்ந்தால், நாம் பார்த்தது குழாயில் நடந்ததை. மீனில் நடந்ததை அன்று. ஜெல்லைவிட, அளவுவாரிப் பிரிப்புக் குழாயை நேரடியாக, தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியோடு இணைத்து, புரதத்தை நேராக்காமல் இயல்பு நிலையிலேயே ஓட்டுவதை நான் விரும்புவேன். அதில் புரதங்கள் அவ்வளவு கூர்மையாகப் பிரியமாட்டா; ஆனால் கிடைக்கும் விடையை நம்பலாம்.

#7 ஆழி

விவாதம் முழுவதும் கந்தகத்தைச் சுற்றியே வருகிறது. செலினியத்தை யாரும் பேசவில்லையே? பாதரசத்துக்குக் கந்தகத்தைவிடச் செலினியத்தின் மேல் பிடிப்பு மிகுதி. தயோரெடாக்சின் ரிடக்டேஸ் நொதியின் செயல்மையத்தில் செலினோசிஸ்டீன் உள்ளது. கனிமப் பாதரசமும் மெத்தில் பாதரசமும் அதை முடக்குகின்றன. குளுடாதயோன் பெராக்ஸிடேஸும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. துத்தநாகமும் செம்பும் இவற்றை அதே வீரியத்தோடு தாக்குவதில்லை என்பதால், மெட்டலோதயோனீனைவிட இவை பாதரசத்தைச் சற்றுக் குறிப்பாகவே சுட்டும் என்று நினைக்கிறேன்.

நொதியின் செயல்திறனையும் புரதத்தின் அளவையும் தனித்தனியாக அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். புரதம் இருக்கிறது, வேலை செய்யவில்லை என்றால் ஏதோ ஒன்று அதன் வாயை அடைத்திருக்கிறது. செயல்திறனை மட்டும் அளப்போர், புரதமே குறைவாக உருவானதையும் உருவானது முடங்கியதையும் பிரித்தறிய முடியாது.

#8 நீரோடை

ஆழியின் கருத்தை வழிமொழிகிறேன், ஒரு நிபந்தனையோடு. செலினியம் குறைவான நீரில் வாழும் மீனுக்கு இந்த நொதிகள் இயல்பாகவே குறைவாக இருக்கும். திசுவில் செலினியத்தையும் அளந்து, பாதரசத்தோடு மூலக்கூறு விகிதத்தைப் பார்க்காமல் இந்த எண்களை விளக்கக்கூடாது.

#9 துலாக்கோல்

வேதியியலில் எனக்குப் பயிற்சி இல்லை. தரவு வந்த பிறகு என்னிடம் வருவோர் கேட்கும் கேள்விகளைக் கொண்டு பேசுகிறேன்.

கயல் எழுதிய முதல் வரைவில் மாசுற்ற நீர்த்தேக்கம் ஒன்று, மாசற்றது ஒன்று. ஒவ்வொன்றிலும் எத்தனை மீன் பிடித்தாலும் ஒப்பீடு இரண்டு நீர்நிலைகளுக்கு இடையில்தான். வெப்பநிலை, அமிலத்தன்மை, உணவு, ஆழம், ஒட்டுண்ணி என்று அவை ஆயிரம் வகையில் வேறுபடும். புரத வேறுபாட்டைப் பாதரசத்தின் கணக்கில் எழுத அந்த வடிவமைப்பு இடம் கொடுக்காது. பாதரசம் படிப்படியாகக் கூடும் பல நீர்நிலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் குறைவான மீன்களைப் பிடிப்பதே மேல்.

அடுத்தது உடல் அளவு. மெத்தில் பாதரசம் வெளியேற மாதங்கள், பெரிய மீன்களில் ஆண்டுகள்கூட ஆகும் என்பதால் வயதோடு சேர்ந்துகொண்டே போகிறது. பல புரதங்களும் வயதோடு மாறுகின்றன. ஆகவே இரண்டையும் வரைபடத்தில் இட்டால் அழகான கோடு எப்போதும் கிடைக்கும். அதற்குப் பொருள் இருக்க வேண்டியதில்லை. நீளத்தையும், செவிக்கல்லைப் படித்துப் பெற்ற வயதையும் இணை மாறிகளாகச் சேர்த்த பிறகும் உறவு எஞ்சுகிறதா என்று பாருங்கள். நுட்பமான இன்னொரு வலையும் உண்டு. மெதுவாக வளரும் மீனில், உண்ட பாதரசம் குறைந்த உடல் எடையில் சேர்வதால் செறிவு கூடுகிறது. மெதுவாக வளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டினி. பட்டினியின் புரத வடிவத்தைப் பாதரசத்தின் புரத வடிவம் என்று எழுதிவிடுவது மிக எளிது.

புரதவியலாளர்களுக்கு ஒரு சொல்: 1000 புரதங்களை 0.05 என்ற வரம்பில் சோதித்தால், எந்த விளைவுமே இல்லாத நிலையிலும் ஏறத்தாழ 50 புரதங்கள் மாறியதாகத் தோன்றும். திருத்தம் செய்யாத பட்டியலை நான் படிப்பதில்லை.

#10 செதில்

கடைசி வரி கடுமையானது, ஆனால் நியாயமானது. முதல் தொகுதி மீன்களில் கண்ட புரதங்களை, முற்றிலும் வேறொரு நீர்நிலையிலிருந்து வந்த இரண்டாம் தொகுதியில் பெயர் மறைத்துச் சோதிப்பது இன்னும் பயனுள்ள திருத்தம். மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தப்படாத இனங்களில் புரத அடையாளமே உறவினத்தின் தரவுத்தளத்தை நம்பி நிற்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

#11 கயல்

எல்லோருக்கும் நன்றி. வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன். பாதரச அளவு வேறுபடும் ஆறு நீர்நிலைகள், ஒரே கொன்றுண்ணி இனம், ஆண் மீன்கள் மட்டும், முட்டையிடும் பருவத்துக்கு வெளியே. தசையில் மொத்தப் பாதரசம். கல்லீரலில் மெத்தில், கனிமம் இரண்டும் தனித்தனியாக. கூடவே செலினியம், துத்தநாகம், செம்பு, காட்மியம். புரதத்தில் மெட்டலோதயோனீனும், தயோரெடாக்சின் ரிடக்டேஸின் செயல்திறனும் அளவும். பாதரசம் எதில் அமர்ந்திருக்கிறது என்ற கேள்வியைச் செதில் சொன்ன இணைப்புக் கருவியில், சில மீன்களில் மட்டும், ஐசோடோப்புச் சோதனையோடு செய்வேன். “மாசைக் கண்டறிதல்” என்ற தலைப்பை நீக்கி, “பாதரசத்தின் விளைவை மதிப்பிடல்” என்று வைத்துவிட்டேன்.

எஞ்சியிருப்பது களப்பணி. மீன் கையில் வந்தது முதல் உறுப்பு உறையும்வரை என்ன வரிசை?

#12 நீரோடை

தலைப்பு மாற்றம் மிகவும் சரி. களத்தில் செவுள் வலையை இரவு முழுவதும் விட்டுவைக்காதீர்கள்; முடிந்தால் மின்மீன்பிடிப்பு, இல்லையேல் அடிக்கடி இழுக்கும் வலை. பிடித்த நேரத்தையும் கல்லீரலை எடுத்த நேரத்தையும் ஒவ்வொரு மீனுக்கும் எழுதுங்கள். பிறகு துலாக்கோல் அதையும் ஒரு மாறியாகக் கேட்பார்.

இரத்தத்தை முதலில் எடுங்கள், அடுத்துக் கல்லீரல். பித்தப்பை கிழிந்தால் அந்தக் கல்லீரலைப் புரத அளவீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்; பித்தம் பட்ட திசுவில் நொதிகள் கெட்டுவிடும். கல்லீரலை எப்போதும் ஒரே மடலின் ஒரே இடத்தில் வெட்டி மூன்று துண்டாக்குங்கள்: உலோகத்துக்கு ஒன்று, நொதிக்கு ஒன்று, மெட்டலோதயோனீனுக்கு ஒன்று. மூன்றும் உடனே திரவ நைட்ரஜனுக்குள் போக வேண்டும்; ஆய்வகத்தில் கழித்தல் 80 டிகிரியில் வையுங்கள். மெட்டலோதயோனீனின் கந்தகங்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும், எனவே அந்தத் துண்டை ஒருமுறைக்கு மேல் உருகவைக்கக்கூடாது. உலோகத் துண்டுக்கான குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, வெற்றுக் குப்பி ஒன்றைக் களத்திலேயே திறந்து மூடிக் கூடவே எடுத்துவாருங்கள். தசையை முதுகுத் துடுப்புக்குக் கீழே, தோல் நீக்கி எடுக்க வேண்டும். செவிக்கல்லைக் கடைசியாக எடுத்தால் போதும், அது எங்கும் ஓடிவிடாது.

#13 வேதியன்

சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருளையும் வாங்கிவிடுங்கள். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகம் தரும் டார்ம் வரிசை மீன் புரதப் பொருளுக்கு மொத்தப் பாதரசம், மெத்தில் பாதரசம் இரண்டுக்கும் சான்று மதிப்பு உண்டு. ஒவ்வொரு தொகுதி மாதிரிகளுக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் அதை ஓட்டுங்கள். புரதப் பக்கத்துக்கு அப்படிச் சான்றளித்த பொருள் கிடைக்காது என்பதால், ஆறு நீர்நிலைகளின் கல்லீரல்களிலும் சிறிது எடுத்து ஒன்றாக அரைத்து, சிறு பங்குகளாக உறையவைத்து, அதை உங்கள் சொந்தக் கட்டுப்பாட்டு மாதிரியாக எல்லா நாள்களிலும் பயன்படுத்தலாம்.